எந்த லைன்?

போன வருடம் ஒரு பழைய தோட்ட வரைபடம் என் மேசைக்கு வந்தது. கோல சிலாங்கூர் பக்கம் உள்ள தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. அதன் வழியாக 132 கிலோவோல்ட் மின்தடம் ஒன்று போக வேண்டும். டவர்களை எங்கெங்கே நிறுத்தலாம் என்று முதல் கட்டமாகப் பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. குழுவில் ஆக இளையவன் நான். அதனால் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து, புதியதன் மேல் பொருத்தி, நிலத்தில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று குறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். அம்மா பிறந்த தோட்டம் அது.

வரைபடத்தில் ஓடைக்குப் பக்கத்தில் மூன்று நீளமான செவ்வகங்கள் இருந்தன. அருகில் ஆங்கிலத்தில் ‘லைன்ஸ்’ என்று கையால் எழுதியிருந்தார்கள். நான் உடனே, “பழைய மின்தடங்கள் மூன்று உள்ளன. எத்தனை வோல்ட் என்று உறுதிப்படுத்தவும்” என்று குறிப்பெழுதி அனுப்பிவிட்டேன். மின்தடத்தை யாராவது செவ்வகமாக வரைவார்களா என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. உள்ளூர் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் மின்பொறியியல் படித்தவனுக்கு லைன் என்றால் கம்பிதான்.

அன்று ராத்திரி பாட்டிக்குப் போன் போட்டேன். பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. மாமாவோடு ரவாங்கில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்.

“பாட்டி, ஒங்க தோட்டத்துல கரண்டு லைன் மூணு போச்சா?”

“கரண்டா? எங்களுக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும்தான்டா கரண்டு. ஜெனரேட்டர் போடுவாங்க, அப்புறம் அடச்சிருவாங்க. லைன் எங்கேருந்து வந்துச்சு? லயம்தான் மூணு இருந்துச்சு. நாங்க மூணாவது லயம்.”

போனைக் காதில் வைத்தபடியே வரைபடத்தைத் திரும்பவும் பார்த்தேன். மூன்று செவ்வகங்கள். மூன்று லயங்கள். சின்ன வயதிலிருந்து லயம், லயத்து வீடு என்று கேட்டு வளர்ந்தவன் நான். அது நல்ல தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தேன். அது ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்தான் என்பது ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை.

அவமானமாக இருந்தது. அடுத்த சில வாரங்கள் கிடைத்த நேரத்திலெல்லாம் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்தது.

லைன் என்ற சொல்லின் அடியில் இருப்பது ஒரு செடி. ஆளி என்று நாம் சொல்லும் செடி. லத்தீனில் அதற்கு லினும் என்று பெயர். அந்தச் செடியின் நாரில் திரித்த நூல் லினியா. அதிலிருந்துதான் லைன் வந்தது. லினன் துணி அதே வேர். கோட்டுக்கு உள்பக்கம் லினன் வைத்துத் தைத்ததால் வந்த லைனிங் அதே வேர். ஆளி விதை எண்ணெயில் செய்ததால் தரை விரிப்புக்கு லினோலியம் என்று பெயர் வந்தது. பழைய ஆங்கிலத்தில் லைன் என்றால் முதன்மையாகக் கயிறு. மீன் பிடிக்கிறவனும் கப்பலோட்டியும் இன்றைக்கும் கயிற்றை லைன் என்றுதான் சொல்கிறார்கள்.

கயிற்றை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரான நூலைப் பார்த்துத்தான் மனிதன் கோடு என்ற கருத்துக்கு வந்திருக்க வேண்டும். யூக்ளிட் அதையும் தாண்டி, கோடு என்பது அகலமில்லாத நீளம் என்று வரையறுத்தார். நூலுக்கு அகலம் உண்டு, கணக்கில் வரும் கோட்டுக்குக் கிடையாது. அங்கே ஆரம்பித்து ஒவ்வொரு துறையும் அந்தக் கயிற்றில் தனக்கு வேண்டிய குணத்தை எடுத்துக்கொண்டது. நேராக இருப்பதைக் கணக்கு எடுத்துக்கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக வருவதை எழுத்தும் தொழிற்சாலையும் எடுத்துக்கொண்டன. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை ரயிலும் தந்தியும் மின்சாரமும் எடுத்துக்கொண்டன. இதைத் தாண்டாதே என்று எல்லை போடுவதை அரசும் ராணுவமும் எடுத்துக்கொண்டன.

என் அலுவலகத்தில் மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை லைன் என்று எண்ணிப் பார்த்தேன். வரைபடத்தில் இழுக்கும் கோடு லைன். டவருக்கு டவர் போகும் கம்பி லைன். மூன்று கட்ட மின்சாரத்தில் ஒரு கட்டத்துக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட், இரண்டு கட்டங்களுக்கு இடையில் 400 வோல்ட். இரண்டாவதற்கு லைன் வோல்ட்டேஜ் என்று பெயர். முதல் வருடத்தில் எல்லாரும் இதைக் குழப்பிக்கொண்டு மதிப்பெண் இழப்போம். அடுத்த மேசைக்காரன் எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு வரியும் லைன். காட்டுக்குள் போனவர் போனில் பேசும்போது “லைன் இல்ல லா” என்கிறார். கம்பியே இல்லாத கைப்பேசியில் சிக்னல் இல்லை என்பதற்கு நம் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சொல்வது அதைத்தான். வழியில் யாரும் இல்லை என்றால் “லைன் கிளியர்”. முன்னால் உள்ள பாதை காலியாக இருக்கிறது, ரயிலை அனுப்பலாம் என்று ஒரு ஸ்டேஷன் இன்னொரு ஸ்டேஷனுக்குத் தரும் அனுமதி அது.

பிறகு ‘டெட்லைன்’. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக்கொடு என்பதைத்தான் நாம் இப்போது அப்படிச் சொல்கிறோம். இந்தச் சொல் பரவலாகத் தெரியவந்தது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறையில். போர்க் கைதிகளை அடைத்த அந்த முகாமின் வேலிக்கு உள்பக்கம் சற்றுத் தள்ளி மரச்சட்டத்தால் ஓர் எல்லை போட்டிருந்தார்கள். அதைத் தாண்டுகிறவனைக் காவல் மேடையிலிருந்து சுடலாம். அதனால் அது சாவுக்கோடு. பின்னால் பத்திரிகை அலுவலகங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன, அங்கிருந்து எல்லா அலுவலகங்களுக்கும் வந்துவிட்டது. சொல்லுக்குள் இருந்த துப்பாக்கியை நாம் மறந்துவிட்டோம். இதைப் படித்தபோதுதான் லயத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்குள்ளும் துப்பாக்கிக்காரர்கள்தான் இருந்தார்கள்.

பிரிட்டிஷ் ராணுவம் முகாம் போடும்போது கூடாரங்களை வரிசை வரிசையாக அடிக்கும். குதிரைகளை வரிசையாகக் கட்டும். அந்த வரிசைகளுக்கு லைன்ஸ் என்று பெயர். கூடாரம் நிரந்தரக் கொட்டடியாக மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. இன்று சிங்கப்பூர் பொது மருத்துவமனை நிற்கும் அவுட்ரம் வட்டாரத்துக்கு ‘சிப்பாய் லைன்ஸ்’ என்றுதான் பெயர். அங்கே இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு இருந்தது. 1882இல் மருத்துவமனை அந்த இடத்துக்கு வந்தது. பக்கத்தில் இன்றைக்கும் கண்டோன்மென்ட் ரோடு இருக்கிறது. பினாங்கிலும் ஒரு சிப்பாய் லைன்ஸ் சாலை உண்டு. நீரிணைக் குடியேற்றங்களைக் காவல் காத்த படைகளில் மதராஸ் காலாட்படையும் ஒன்று. அப்படியானால் தோட்டத்து லயத்துக்கு முன்பே இந்த மண்ணில் லைனில் வாழ்ந்த தமிழர்கள் இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் அதே சொல் வேறு திசையில் போனது. டில்லியிலும் அலகாபாத்திலும் ‘சிவில் லைன்ஸ்’ என்ற பகுதிகள் உண்டு. அலகாபாத்தில் இருப்பது 1857 கிளர்ச்சிக்குப் பிறகு உருவானது. ராணுவத்தில் இல்லாத வெள்ளை அதிகாரிகளுக்காகப் போட்ட அகலமான தெருக்களும் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் உள்ள பகுதி. இன்றைக்கும் அங்கே வீடு இருந்தால் பெருமை. ஒரே சொல்தான். அதிகாரி போய் இருந்தபோது அது கௌரவமான முகவரி ஆனது. தொழிலாளி போய் இருந்தபோது, “லயத்துப் பசங்க” என்று பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிவைக்கும் பெயர் ஆனது.

தோட்டத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது? மலாயாவுக்கு வந்த ஆரம்பகாலத் துரைமார்களில் பலர் இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்தியவர்கள். அங்கே தமிழ்த் தொழிலாளர்களைத் தங்கவைத்த நீள வரிசைக் குடியிருப்புக்கு ‘கூலி லைன்ஸ்’ என்று பெயர். இன்றைக்கும் மலையகத் தமிழர்கள் லயம், லயத்துக் காம்பிரா என்றுதான் சொல்கிறார்கள். மலாயாவில் 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிகமுறையில் ரப்பர் நட்டார். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் ரப்பர் வெறி பிடித்தது. ஆள் வேண்டும். 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்து, கங்காணி முறை மேலோங்கியது. உதவியோடு ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தும்வரை கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்குத் துரைமாரிடம் பதில் தயாராக இருந்தது. ஒரு நீளக் கொட்டடி கட்டு, குறுக்குச் சுவர் வைத்து அறை பிரி, வரிசையாக நிறுத்து.

ராணுவத்திலிருந்து வந்தது அந்த ஒரு சொல் மட்டும்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பாட்டி அடிக்கடி சொல்லும் இன்னொரு சொல் ஞாபகம் வந்தது. பெரட்டு. “விடியக்காலைல தண்டவாளத்துல மணி அடிப்பாங்க. எழுந்து ஓடணும். பெரட்டுக்கு நேரத்தோட போகலன்னா அன்னிக்கு வேல கெடையாது.” பெரட்டு என்பது ‘பரேட்’. இருட்டில் வரிசையில் நின்று பெயர் கூப்பிடக் கேட்டு, மண்டோர் காட்டும் இடத்துக்குப் போவது. தோட்டத்தைப் பிரித்த பிரிவுக்கு டிவிஷன் என்று பெயர். அதுவும் படையில் புழங்கும் சொல்தான். படுப்பது லைனில், எழுந்து நிற்பது பரேட்டில். பாட்டி துப்பாக்கி தூக்கியதில்லை, உளியும் வாளியும்தான் தூக்கினார். ஆனால் முப்பது வருடம் ஒரு முகாமின் ஒழுங்கில் வாழ்ந்திருக்கிறார். அந்த ஒழுங்கைப் போட்டவர்கள் ஏதோ புத்தகத்தில் எழுதி ஒளித்துவைக்கவில்லை. தினமும் எல்லார் வாயிலும் வரும் சொல்லில் அது கிடக்கிறது.

லைன் எப்படி லயம் ஆனது என்பதற்கு ஆதாரம் தேட முடியாது, ஊகிக்கத்தான் முடியும். லைன், லயன் ஆகி, ‘மகர’ ஈறு சேர்ந்து லயம் ஆகியிருக்கலாம். வீடு, மாடம், கூடம், ஆலயம் என்று இருப்பிடத்தைச் சொல்லும் சொற்களில் பல ‘ம்’ என்று முடிகின்றன. குதிரை கட்டும் இடத்துக்கு ஏற்கெனவே லாயம் என்ற சொல் இருந்தது. காதுக்குப் பழகிய அச்சில் போய் விழுந்ததும் அந்நியச் சொல் வீட்டுச் சொல் ஆகிவிட்டது. இசைக்காரர்களின் லயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த ஓசை ஒற்றுமைதான் என்னை இத்தனை வருடம் ஏமாற்றியது.

தமிழில் வரிசையைக் குறிக்க வேறு சொல் இல்லாமலா இதை எடுத்துக்கொண்டோம்? இருந்தது, அதுவும் தோட்டத்திலேயே. ரப்பர் மரங்களின் வரிசைக்குத் தோட்டத்தில் நிரை என்று பெயர். “எனக்குக் குடுத்த நெரைல எல்லாம் கெழட்டு மரம், பாலே வராது” என்று பாட்டி இன்றைக்கும் குறைபடுவார். நிரை சங்கப் பாடல்களிலேயே புழங்கும் சொல். மரம் நின்ற வரிசைக்குப் பெயர் வைத்தவர்கள் வேலை செய்த தமிழர்கள். அதனால் அது நிரை. ஆட்கள் படுத்த வரிசைக்குப் பெயர் வைத்தவர்கள் கணக்கெழுதிய துரைமார். அதனால் அது லைன். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

ஒரு சொல் பல பொருள் தருவது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. வரி என்றால் புலியின் உடம்பில் உள்ள கோடு, எழுத்து வரிசை, அரசாங்கத்துக்குக் கட்டும் பணம், எல்லாம்தான். எந்த வரி என்று இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். இடம் தெரியாதவன் குழம்புவான். நான் குழம்பியது ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அந்த இடம் தெரியாமல்தான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். “எனக்கு லைன்னா அது வேறடா.” அம்மா பதினெட்டு வயதில் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவர். 1970களின் தொடக்கத்தில் பினாங்கு பாயான் லெப்பாஸிலும் சிலாங்கூர் சுங்கை வேயிலும் தடையற்ற வாணிப வட்டாரங்கள் திறந்தன. அடுத்த இருபது வருடங்களில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் உளியை விட்டுவிட்டு அங்கே போனார்கள். ஹென்றி போர்ட் 1913இல் ஹைலேண்ட் பார்க்கில் ஓடவிட்ட நகரும் உற்பத்தி வரிசையின் பேத்திகள்தான் அந்தத் தொழிற்சாலைகள். அம்மா ‘லைன்ல’ வேலை செய்தார், ஆறாவது வருடம் ‘லைன் லீடர்’ ஆனார். “லைன் நிக்கக் கூடாது. நின்னா சூப்பர்வைசர் ஓடி வருவாரு. பாத்ரூம் போகணும்னாகூட ஆள் மாத்திவிட்டுத்தான் போகணும்” என்றார். பாட்டி லைனில் குடியிருந்தார், அம்மா லைனில் உட்கார்ந்தார், நான் லைன் போடுகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே சொல்லைத்தான் தின்று வாழ்கிறது. யார் வரைந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். இந்த முறை வரைகிறவன் நான் என்பது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. முதல் நாள் போனில் பேசியபோதே பாட்டி இன்னொன்றும் கேட்டிருந்தார்.

“லயத்துக்குப் பின்னால போய் ஓடையத் தாண்டினா மேடு இருக்கும்டா. அங்கதான் சுடுகாடு. ஒன் தாத்தாவ அங்கதான் பொதச்சோம். அங்க போஸ்ட் நடுவீங்களா?”

வரைபடத்தில் சுடுகாடு இல்லை. துரை பங்களா இருந்தது, ஆபீஸ் இருந்தது, ரப்பர் காயவைக்கும் புகைக்கூடம் இருந்தது, ஓடை இருந்தது. சுடுகாடு குறிக்கப்படவில்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு என் கையில் இருந்த ஒரே அடையாளம் ‘லைன்ஸ்’ என்ற அந்தக் கையெழுத்துத்தான். மூன்றாவது செவ்வகத்திலிருந்து ஓடையைத் தாண்டி மேடு நோக்கி ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். எங்கள் முதல் வரைவில் 11ஆம் எண் டவர் கிட்டத்தட்ட அங்கேதான் வந்தது.

தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரம் பற்றி 1990ஆம் ஆண்டுச் சட்டம் பேசுகிறது, ஆனால் அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை. அதனால் தோட்டம் கைமாறியபோது லயங்களைத் தள்ளினார்கள், ஆட்கள் பிரிந்து போனார்கள். இடித்ததற்கு நஷ்டஈடு கேட்கலாம், மாற்று வீடு கேட்கலாம். புதைத்தவர்களை என்ன செய்வது? அந்த இடம் யாருடைய பட்டாவிலும் சுடுகாடு என்று இல்லாவிட்டால், என்னைப் போல ஒருவன் கணினியில் அதன் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான்.

மறுநாள் என் முதல் குறிப்பை மாற்றி எழுதினேன். “லைன்ஸ் என்பது மின்தடம் இல்லை. தொழிலாளர் குடியிருப்பு, மூன்று வரிசை, இடிக்கப்பட்டுவிட்டது. அதன் பின்புறம் ஓடைக்கு அப்பால் தோட்டத்துச் சுடுகாடு இருப்பதாகத் தகவல். டவர் 11 முடிவாகும் முன் நேரில் பார்க்க வேண்டும்.” தகவல் யாரிடமிருந்து என்று மேலதிகாரி கேட்டார். பாட்டியிடமிருந்து என்றேன். அவர் கிளாந்தான்காரர், கம்பத்தில் வளர்ந்தவர். ஒரு நிமிடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “சர்வே ஆளோட நீயும் போய் வா” என்றார்.

போனோம். செம்பனைக்கு நடுவே நடந்து ஓடையைத் தாண்டினால் மேடு. லாலான் புல் இடுப்பளவு. புல்லை விலக்கினால் செங்கல் கட்டிய மேடைகள் சில, சாய்ந்த சிமெண்டுப் பலகை ஒன்று, கல் மட்டும் நட்ட குழிமேடுகள் பல. பெயர்கள் அழிந்துவிட்டன. தாத்தாவுடையது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சர்வே பையன் நான்கு மூலையிலும் அளவெடுத்துக்கொண்டான். டவர் 11 நாற்பது மீட்டர் தள்ளிப் போனது. வேலை ஆரம்பக் கட்டத்தில் இருந்ததால் அதில் பெரிய செலவு எதுவும் இல்லை. கணினியில் அது சுட்டியைக் கொஞ்சம் நகர்த்தும் காரியம். புதிய வரைபடத்தில் இப்போது சுடுகாடு குறிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் மூன்று செவ்வகங்களையும் விட்டுக்கொடுக்காமல் புள்ளிக்கோட்டில் போட்டு, பழைய தொழிலாளர் வீடுகள் என்று எழுதிவைத்திருக்கிறேன். அடுத்து வருகிறவன் வோல்ட் கேட்கக் கூடாது.

திரும்பி வரும் வழியில் பாட்டியைக் கூப்பிட்டேன்.

“லயம் இருக்காடா?”

“இல்ல பாட்டி. சிமெண்டுக் கால்வா மட்டும்தான் கொஞ்ச தூரம் இருக்கு.”

“கால்வா இருக்கா? அது எங்க வீட்டு வாசல்ல ஓடுனதுதான்” என்றார். அதற்குள் செம்பனைக்குள் லைன் போய்விட்டது.